ஒரு முழு டிரைவர்

திருச்சுழி
16 ஜூன் 2024

அன்பு மகள் இவாஞ்சலினுக்கு அப்பா எழுதுவது. உனக்கும், உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மடத்து மதர் அவர்களுக்கும் தோத்திரம். இங்கே நான், அம்மா, வண்டி மூன்று பேரும் சுகம். தம்பி ராபினும் சுகம்தான், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

முதல் கடிதத்திலேயே என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஊரார் வாயால் வருவதைவிட என் கையால் வந்தால் சேதாரம் குறைவு. போன செவ்வாய்க்கிழமை நரிக்குடியில் கரிமூட்டை ஏற்றிக்கொண்டு வருகிறேன். ரோட்டு நடுவில் ஒரு மனிதர், வெள்ளைச் சட்டை, சிவப்புத் துண்டு, அசையாமல் நிற்கிறார். பந்து ஹாரனை நாலு தடவை அமுக்கினேன். ம்ஹும். கட்சிக்காரராக இருக்கும், நமக்கெதற்கு வம்பு என்று வண்டியை நிறுத்தி இறங்கிப் போய், "அண்ணே, கொஞ்சம் ஒதுங்குனீகன்னா லோடு போயிரும்" என்று கும்பிட்டேன். ரோடு போடுகிறவர்கள் வைத்த டிரம்மு அது. ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் சட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். இப்போது மில்லுக்கு மாவரைக்க வருகிறவர்களெல்லாம் "டிரம்மண்ணன் வந்துட்டாகளா?" என்றுதான் கேட்கிறார்கள்.

மதர் அவர்களுக்கு ஒரு விளக்கம். நான் செய்வது மாவு மில் தொழில், பிடித்திருப்பது பழைய லாரிப் பைத்தியம். எனக்கும் என் கூட்டாளி தவசிக்கும் செத்த வண்டியைக் கண்டால் கை சும்மா இருக்காது. முன்னால் மூக்கு நீண்ட இந்தப் பழைய லாரி காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைகாக்கக் கிடந்தது. என் வயதை ஒத்த வண்டி. எஞ்சினை ஒரு ஊரிலும் கியர்பாக்ஸை ஒரு ஊரிலும் பிடித்து, மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டி எழுப்பினோம். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார், தவசி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். உயிர்த்தது யார் புண்ணியத்தில் என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு. எழுப்பிய வண்டியைப் பொம்மையாக நிறுத்திவைக்க எனக்குப் பிடிக்காது. கரி, வைக்கோல், கோடையில் ஊருக்குத் தண்ணீர் என்று உழைக்கிறது. இவாஞ்சலினுக்குப் பதினெட்டு வயதானபோது கல்யாணச் சீராக இருக்கட்டும் என்று இவள் பேரிலேயே பதிந்தேன். மாப்பிள்ளை ஆண்டவராகிவிட்டார். அவருக்கு லாரி வேண்டியிருக்கவில்லை.

மகளே, ஒரு வருடம் போன் இல்லை, மாதம் ஒரு கடிதம்தான் என்றால் ஓடிப்போய்விடும். அடுத்த வருடம் நீ துறவற வாக்குக் கொடுக்கும் வார்த்தைப்பாட்டுக்கு நம் வண்டியில்தான் வருவேன். மடத்துக்கு அரிசியும் விறகும் ஏற்றி, முன்னால் உன் பேர் எழுதி, வாசலில் கொண்டுவந்து நிறுத்துவேன். அதை நினைத்துத்தான் அம்மா அழும்போதெல்லாம் நான் அழாமல் இருக்கிறேன்.

அப்பா யாக்கோபு


திண்டுக்கல்
14 ஜூலை 2024

அன்பு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இயேசுவின் நாமத்தில் வணக்கம். நலமாக இருக்கிறேன். காலை நாலரைக்கு எழுகிறேன் என்று சொன்னால் ராபின் நம்ப மாட்டான். எனக்குக் கத்தரித் தோட்டம் கொடுத்திருக்கிறார்கள். என்னோடு நவதுறவில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் உங்கள் டிரம்மு கதையைச் சொன்னேன். மதர் சிரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன்.

அப்பா, அது எந்த நேரம்? சாயங்காலம் இருட்டின பிறகா? நீங்கள் எழுதவில்லை. எவ்வளவு தூரத்தில் இறங்கினீர்கள்? கண் டாக்டரைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று? அம்மா, முதுகு வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

உங்களுக்காக ஜெபிக்கும்
இவாஞ்சலின்


திருச்சுழி
8 செப்டம்பர் 2024

அன்பு மகளுக்கும், சிரித்த மதர் அவர்களுக்கும் தோத்திரம். எல்லோரும் சுகம். மாதாவின் பிறந்தநாளுக்குச் சப்பரத்தை நம் வண்டியில்தான் ஏற்றினோம். உன் கடிதத்தை அம்மா வாசித்துக் காட்டினாள். என் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன். அம்மா முதுகுக்குத் தைலம் உண்டு. ராபின் அருப்புக்கோட்டை ஷோரூமில் பைக் விற்கிறான். பழைய வண்டிக்காரன் மகன் புது வண்டி விற்கிறான், ஊரில் இதையும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வண்டி ஓட்டுவதில் இப்போது ஒரு புது ஏற்பாடு. தவசி இடது பக்கம் உட்கார்ந்து ரோட்டைச் சொல்லிக்கொண்டே வருவான். "ஏலே, இடத்தால ஆடு. நேரா விடு. முன்னாடி பஸ்ஸு, பொறு. ரைட்டு." அவனுக்குக் காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் நான் அவன் தொடையில் தட்டுவேன், அவன் எட்டிப் பார்த்து வழி விடச் சொல்வான். அவனுக்குக் காது இல்லை, எனக்குக் கண்ணில் கொஞ்சம் தூசி. ரெண்டு பேரையும் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு டிரைவர். அரசாங்கத்துக்கு இது தெரிந்தால் ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ் கொடுத்துவிடும்.

பிரேக்குக்கு எப்போதும்போல ரெண்டு மிதி. முதல் மிதி வண்டிக்குச் சேதி சொல்ல, ரெண்டாவது மிதி நிற்க. கவலைப்படாதே. கத்தரி காய்த்ததா?

அப்பா யாக்கோபு


திண்டுக்கல்
13 அக்டோபர் 2024

அன்பு அப்பாவுக்கு, வணக்கம். சுகமாக இருக்கிறேன். கத்தரி காய்த்தது, புழுவும் காய்த்தது.

'ஒரு முழு டிரைவர்' என்பதைப் படித்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் டாக்டரைப் பற்றிக் கேட்டிருந்தேன், நீங்கள் தைலத்துக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிக்கொண்டே போகிறது? ஜூனில் ஒரு பக்கத்தில் முடிந்தது இப்போது நாலு பக்கம். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அம்மாவுக்கு என் முத்தம்.

இவாஞ்சலின்


திருச்சுழி
19 ஜனவரி 2025

அன்பு மகளுக்கு, புத்தாண்டும் பொங்கலும் கடந்த வாழ்த்துகள். மதர் அவர்களுக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கடிதம் கூடாது என்று சொன்னதால் சும்மா இருந்தேன். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. எழுத்து பெரிதாக இருப்பது மதர் அவர்களின் வயதை நினைத்துத்தான், வேறொன்றுமில்லை.

பொங்கலுக்கு மறுநாள் ஒரு சின்ன சங்கடம். கரி லோடோடு வரும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு ஆட்டுக்குட்டி பாய்ந்துவிட்டது. ஆட்டுக்காரி செல்லக்கிளி போட்ட கூப்பாடு தவசிக்குக் கேட்கவில்லை, குட்டி எனக்குத் தெரியவில்லை. முழு டிரைவர் அன்று லீவு. தவசி கடைசி நிமிஷத்தில் பார்த்து "நிப்பாட்டுலே" என்று கத்தினான், ரெண்டு மிதி மிதித்தேன். குட்டி போய்விட்டது. செல்லக்கிளியின் குட்டி அது. கையெடுத்துக் கும்பிட்டு, நம் வெள்ளாட்டுக் குட்டிகளில் நல்லதாக ஒன்றை அவள் பட்டியில் விட்டுவிட்டு வந்தேன். மனசு சரியில்லை. ரெண்டு நாள் வண்டியை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தேன், கரிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

வார்த்தைப்பாடு மே 31 என்று அம்மா சொன்னாள். முன்பக்கத்துக்குப் பச்சை பெயிண்டா நீலமா? நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா யாக்கோபு

(தாளின் அடியில், பொடி எழுத்தில்)

இவா, அம்மா எழுதுறேன். இவ்வளவு பொடியா எழுதினால் அவுகளுக்குத் தெரியாது. குட்டிக்குப் பின்னால் செல்லக்கிளி பேத்தி ஓடி வந்தது. நாலு வயசு. டயர் அதன் பாவாடையைத் தொட்டு நின்றது. பிள்ளை பிழைத்தது மாதாவின் கிருபை. ஆகஸ்டிலேயே ராபின் கண் முகாமுக்குக் கூட்டிப் போனான். இது புரை இல்லை, நரம்பு, போன பார்வை திரும்பாது, ஓரத்தில் வருவது தெரியாது, நேரே இருப்பதும் புகைதான், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. நான் சொன்னால் கேட்க மாட்டேங்கிறார்.


திண்டுக்கல்
16 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ராபினுக்கு அக்காவின் ஆசிகள். நலமா? அப்பாவுக்கு எழுத வேண்டிய இந்த மாதக் கடிதத்தை மதர் அனுமதியோடு உனக்கு எழுதுகிறேன். ஷோரூம் முகவரிக்கு அனுப்புகிறேன்.

வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் எங்கள் பேரில் இருப்பதை யாரிடமாவது ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும், அதுதான் சபை வழக்கம். மற்றவர்களுக்கு ஒப்படைக்க ஒன்றுமில்லை. எனக்கு ஒரு லாரி. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பேருக்கு எழுதுவேன் என்றுதான் மதர் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அம்மாவின் நாலு வரி வரும்வரை.

உன் பேருக்கு எழுதியிருக்கிறேன். தாள்கள் இதோடு இருக்கின்றன. வண்டி இனிமேல் அப்பா கையில் ஓடக் கூடாது. எப்படி என்று நீ பார்த்துக்கொள். அவரிடம் நான் சொல்ல வேண்டும், சொல்வேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. அதுவரை நீ சொல்லாதே.

அக்கா


அருப்புக்கோட்டை
17 மார்ச் 2025

அன்புள்ள அக்கா, வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். தாள் வந்தது, வண்டி என் பேருக்கு மாறிவிட்டது.

நீ நினைக்கிற மாதிரி சாவியை ஒளித்துவைத்தெல்லாம் ஆகாது. பேட்டரியைக் கழற்றினேன். அப்பா கைக்கம்பி போட்டுச் சுற்றிக் கிளப்பிவிட்டார். டீசல் பைப்பை உருவிவிட்டேன். தவசி மாமா மதியத்துக்குள் மாட்டிவிட்டார். எஞ்சினையே இறக்கினாலும் ஒரு மாதத்தில் வேறு எஞ்சினோடு ரெண்டு பேரும் வந்து நிற்பார்கள். வண்டி ஊரை விட்டுப் போனால்தான் உண்டு. காரியாபட்டி தாண்டி நாலு வழிச் சாலையில் புதிதாக ஒரு ஹோட்டல் வருகிறது, வாசலில் நிறுத்திவைக்கப் பழைய லாரி தேடுகிறார்கள். எஞ்சினை எடுத்துவிடுவார்களாம், பிள்ளைகள் ஏறி விளையாட. பேசி முடித்துவிட்டேன். மே மாதம் எடுப்பார்கள்.

தவசி மாமாவிடம் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அப்புறம், "அந்தப் பிள்ள பாவாட எனக்கும் கண்ணுலயே நிக்கிதுடா" என்றார். அம்மாவுக்கும் தெரியும். தெரியாதது ஒரே ஆளுக்குத்தான். தினமும் சாயங்காலம் பெயிண்ட் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார். என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சீக்கிரம் எழுது அக்கா. நீ சொன்னால்தான் தாங்குவார்.

ராபின்


திருச்சுழி
27 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கும் மதர் அவர்களுக்கும் உயிர்ப்பு விழா வாழ்த்துகள். ஆண்டவர் உயிர்த்தார், நாங்களும் சுகம்.

பிப்ரவரியிலிருந்து உன் கடிதம் இல்லை. தவக்காலத்தில் அப்பாவையும் சேர்த்து விட்டுவிட்டாயோ என்று அம்மாவிடம் கேட்டேன், அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பெயிண்ட் நிறத்துக்கும் பதில் இல்லாததால் நானே நீலம் அடித்துவிட்டேன், மாதாவின் நிறம். பாதி அடித்த பிறகு "ஏலே, இது பச்சடா" என்றான் தவசி. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் போல. பச்சையும் மோசமில்லை. உன் பேரை மட்டும் தவசி எழுதினான், நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். புதுத் தார்ப்பாய் வாங்கியாயிற்று. வைகாசி வெயிலில் அரிசி காயக் கூடாது.

இந்த ஊர் ஒரு தினுசாக இருக்கிறது இப்போதெல்லாம். ராபின் என்னை 'அப்பா, சாப்பிட்டீங்களா' என்று கேட்கிறான். அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. தவசி ஒரு மாதமாக என்னோடு சண்டையே போடவில்லை. உடம்புக்கு எதுவும் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

அப்பா யாக்கோபு


திண்டுக்கல்
4 மே 2025

அன்பு அப்பா, அம்மாவுக்கு, இயேசுவின் உயிர்ப்பின் சமாதானம். நலமாக இருக்கிறேன். வார்த்தைப்பாட்டுத் திருப்பலி காலை பத்து மணிக்கு. மதியம் மடத்திலேயே சாப்பாடு. நாங்கள் நாலு பேரும் பாடப்போகும் பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறோம். நேற்று இங்கே மழை பெய்தது.

அம்மாவுக்கு முதுகு வலி, லாரியில் வேண்டாம் அப்பா. பஸ்ஸில் வாருங்கள். மதுரையில் மாறினால் சுலபம்.

பச்சை நிறம் எனக்குப் பிடிக்கும்.

இவாஞ்சலின்


திருச்சுழி
15 ஜூன் 2025

சிஸ்டர் இவாஞ்சலினுக்கு, பழையபடி மகளே என்று கூப்பிடலாமா தெரியவில்லை, கூப்பிடுகிறேன், மகளே, அப்பா எழுதுவது. உன் கடிதங்களை மதர் இனிமேல் படிக்க மாட்டார்களாம். எனக்கு ஒரு நல்ல வாசகர் குறைந்துவிட்டார். நீ இப்போது போனில் பேசலாம் என்று அம்மா சொன்னாள். நான் மூட்டையில் எழுதுகிற பேனாவால் கடிதமே எழுதுகிறேன். போனில் என் குரல் என் பேச்சைக் கேட்காது.

வண்டி போன கதையை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மே ஒன்பதாம் தேதி காலையில் தவசி வந்து, வண்டி முகப்புக்குத் தோரணம் வாங்க அருப்புக்கோட்டை போவோம், பஸ்ஸில் போவோம் என்றான். போனோம். இறங்கியதும் டீ வாங்கிக் கொடுத்தான். தோரணம் வாங்கிய பிறகு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தான், வடையோடு. முப்பது வருடப் பழக்கத்தில் தவசி டீக்குக் காசு நீட்டி நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "என்னடா, பேரன் பெறந்திருக்கானா?" என்று கேலி பண்ணினேன். அவனுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது.

திரும்பி வந்தால் ஷெட்டு வெறுமையாக இருக்கிறது. எண்ணெய்க் கறையும், டயருக்கு முட்டுக்கொடுத்த நாலு கல்லும். எனக்கே தெரிந்தது என்றால் எவ்வளவு பெரிய வெறுமை பார்த்துக்கொள். திருடு போய்விட்டது, ஸ்டேஷனுக்குப் போவோம் என்று தவசி கையைப் பிடித்து இழுத்தேன். அவன் வரவில்லை. ராபின்தான் சொன்னான்: "திருடு இல்லப்பா. அக்கா எம்பேருக்கு எழுதிக் குடுத்துருச்சு, மாசி மாசமே." உன்னைப் பற்றிப் பொய் சொல்கிறானே என்று அறையப் போனேன். கை அவனைத் தாண்டிப் போய்க் கதவில் பட்டது. கேஸ் அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கணக்குப் புரிந்தது. ராபின் சாப்பிட்டீங்களா என்று கேட்டது, அம்மா அடுப்பைப் பார்க்கப் போனது, தவசி சண்டை போடாதது, மழை பெய்தது என்று நீ எழுதியது. போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த வண்டிக்குத்தான் நான் மாதக்கணக்கில் பெயிண்ட் அடித்திருக்கிறேன்.

மே 31 அன்று பஸ்ஸில்தான் வந்தோம், நீ சொன்னபடி. காரியாபட்டி தாண்டியதும் அம்மா என்னை ஜன்னல் ஓரத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்தாள். பார்த்தாலும் எனக்குத் தெரியாது என்பது அவளுக்கு அந்த நேரம் மறந்துவிட்டது. ஆள் ஏற்ற பஸ்ஸு நின்றது. வெளியே யாரோ பிள்ளைகள் பந்து ஹாரனை அமுக்கு அமுக்கு என்று அமுக்கின. அது எந்த ஹாரன் என்று எனக்குத் தெரியாதா. நான் எதுவும் கேட்காத மாதிரி டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். தவசியிடம் படித்த பாடம்.

கோயிலில் நீங்கள் நாலு பேரும் ஒரே வெள்ளையில் நின்றீர்கள். தகப்பன்மார் வந்து தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கலாம் என்றார்கள். நான்தான் முந்திப் போனேன். மனமுருகி ஆசீர்வதித்து முடித்த பிறகு, "அங்கிள், இவா எனக்கு அடுத்தாப்ல நிக்கிறாங்க" என்றது அந்தப் பிள்ளை, மெதுவாக. டிரம்முக்குக் கும்பிட்டதைவிட இது மேல். இங்கே ஆசீர்வாதமாவது வீண் போகவில்லை. பிறகு உன் தலையில் கை வைத்தேன். நீ செய்தது சரியென்று நான் அப்போதே ஒத்துக்கொண்டேன். இந்தக் கண்ணோடு நான் ஸ்டியரிங் பிடித்திருக்கக் கூடாது. செல்லக்கிளி பேத்தி மாவரைக்கப் பாட்டியோடு வரும்போது அதன் சத்தம் கேட்டால் நான் உள்ளே போய்விடுகிறேன்.

சாப்பிட்ட பிறகு நீ தனியாக வந்து, "என் மேல வருத்தமாப்பா?" என்று கேட்டாய். நான், "பாயாசத்துல முந்திரி நெறைய கெடந்துச்சு தாயி, மடத்துல நல்லாத்தான் வச்சிருக்காக" என்றேன். நீ சிரித்தாய். சிரித்தது எனக்குக் கேட்டது.

தவசி நேற்று மில்லுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். நான் மாவு அரைத்து முடிக்கும் வரை நின்றுவிட்டுப் போய்விட்டான். ராபினோடு பேசுகிறேன், சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்கிற அளவுக்கு. அம்மாவின் முதுகு தேவலை. உடம்பைப் பார்த்துக்கொள். உன் ஜெபத்தில் எங்களை நினை.

அப்பா யாக்கோபு

தாளின் அடியில் எழுதுவது உன் அம்மாவின் பழக்கமாம், ராபின் சொன்னான். எனக்கு அங்கே எறும்பு ஊர்கிற மாதிரித்தான் இருந்தது. இன்று அந்த இடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வண்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஹோட்டல்காரர் கேட்கவில்லை, எஞ்சின் இல்லாத வண்டிக்குச் சாவி எதற்கு. ராபினும் கேட்கவில்லை. அன்று உன் முன்னால் நின்றபோது அது என் சட்டைப் பையில் இருந்தது, பாயாசத்தைப் பற்றிப் பேசியபோதும் அதைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாயால் சொல்லாதது இதுதான். "அப்பா, சாவியக் குடுத்துருங்க" என்று நீ எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் தாயி, என்னிடம் கேட்டிருக்கலாம்.